மாறுகொளக் கூறலும் கேட்போர் தகுதியும்

விவிலிய வசனங்கள் சிலவற்றைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தெனத் தொகுத்த பவணந்தி முனிவர், அவற்றுள் ஒன்றாக மாறுகொளக் கூறலை வைத்தார். முன்னர்க் கூறியதனைப் பின்னர்க் கூறுவது அழிக்குமாயின் அந்நூல் கற்பாரை மயக்கும். மயக்கும் நூல் நூலென்னும் பெயர்க்கு உரியதன்று. ஆயினும், இரண்டு வாக்கியங்கள் தம்முள் வேறுபட்ட அளவானே அவை மாறுகொண்டன எனத் துணிதல் அறிவுடையார் செயலன்று. ஒரே பொருளை, ஒரே காலத்தில், ஒரே வகையால், ஒரே தகுதியுடையானை நோக்கி ஒரு வாக்கியம் விதிக்க மற்றொன்று விலக்குமாயின், அதுவே மாறுகொளக் கூறலாம். காய்ச்சலுற்றானுக்குக் காலையில் இலங்கனம் விதித்த மருத்துவன், காய்ச்சல் தணிந்தபின் மாலையில் அவனுக்கே கஞ்சி விதிப்பானாயின், அவன் சொல் முரணிற்று என்பார் ஒருவருமில்லை.

இவ்வளவுகோலினைச் சைவர் தம் நூல்களுக்குத் தவறாது வழங்குவர். வேதத்தின்கண் ஒரு வாக்கியம் அபேதங் கூறவும், ஒரு வாக்கியம் பேதங் கூறவும், பிறிதொன்று பேதாபேதங் கூறவும் கண்டு, அம்மூன்றனையும் தத்தம் இடத்தில் நிறுத்தி அத்துவிதம் என்னும் சொல்லுக்குப் பொருள் தெளித்த பெருமை மெய்கண்டார் மரபினர்க்கு உரியது. அம்மரபிற் கற்றோர் பிறர் நூலை எடுக்குங்கால் அவ்வளவுகோலை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லுதல் தகுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பெரம்பலூர், அரியலூர்ச் சீமைக்கு இவ்வாராய்ச்சி புதியதன்று. வேப்பந்தட்டை வட்டத்து வாலிகண்டபுரத்தில் வாலீசுவரர் திருக்கோயில் சோழர் காலத்துக் கல்வெட்டுக்களோடு விளங்குகின்றது. அச்சீமையின் தென்பால், கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியில், திருக்காவலூர் எனப் பெயரிட்டு வாழ்ந்தவர் இத்தாலி நாட்டினரான வீரமாமுனிவர். தேம்பாவணி பாடிய அவரே வேதவிளக்கம் என்னும் உரைநடை நூலால் தரங்கம்பாடியிலிருந்த உலுத்தரன் மதத்தினரை மறுத்தவர். அத்தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டினைத் தமிழாக்கி 1715-ஆம் ஆண்டளவில் அச்சிட்டு முடித்தார். வேதநூலை எல்லார் கையினும் கொடுத்தல் வேண்டும் என்பது ஒரு சாரார் கொள்கை; திருச்சபை உரைக்கும் உரையோடன்றி அதனைத் தனித்துக் கற்றல் வழுவுக்கு இடமாம் என்பது மற்றொரு சாரார் கொள்கை. எனவே, மெய்ப்பொருளை யாவர்க்கும் ஒருங்கே வழங்குதல் முறையோ, கேட்போர் தகுதி நோக்கி வழங்குதல் முறையோ என்னும் வினா, கிறித்துவ சமயத்தாரிடையே தமிழ்நாட்டிலேயே முந்நூறாண்டுகட்கு முன் எழுந்துவிட்டது.

இனி, அந்நூலின்கண் முரணெனக் காட்டப்படுவன இவை.

மத்தேயு 7-ஆம் அதிகாரம் 6-ஆம் வசனம், தூயவற்றை நாய்கட்குக் கொடுத்தலும் முத்துக்களைப் பன்றிகள்முன் எறிதலும் ஆகா என்று விலக்குகின்றது. அதே நூலின் 10-ஆம் அதிகாரம் 27-ஆம் வசனமோ, இருளிற் சொல்லப்பட்டதனை வெளிச்சத்திற் சொல்லுமாறும், காதோடு கேட்டதனை வீட்டின் மேற்றளத்தினின்று முழக்குமாறும் ஏவுகின்றது. மாற்கு 16-ஆம் அதிகாரம் 15-ஆம் வசனம் உலகெங்கும் சென்று எல்லார்க்கும் அறிவிக்குமாறு பணிக்கின்றது. மத்தேயு 10-ஆம் அதிகாரம் 5-ஆம் வசனமோ புறச்சாதியார்பாற் செல்லற்க என்று தடுக்கின்றது. 28-ஆம் அதிகாரத்து இறுதியில் எல்லாச் சாதியாரிடத்தும் செல்லுமாறு கட்டளை பிறக்கின்றது. நீதிமொழிகள் 26-ஆம் அதிகாரத்தில் மூடனுக்கு அவன் மூடத்தன்மைக்கு ஏற்ப விடை கூறற்க என 4-ஆம் வசனமும், கூறுக என 5-ஆம் வசனமும் அடுத்தடுத்து நிற்கின்றன. மாற்கு 4-ஆம் அதிகாரத்து இறுதியில் இயேசுநாதர் திரளானவர்க்கு உவமைகளாற் கூறித் தம் மாணாக்கர்க்குத் தனித்திருக்கையிற் பொருள் விரித்தார் எனப்படுகின்றது. யோவான் 18-ஆம் அதிகாரத்திலோ, தாம் மறைவில் ஒன்றுங் கூறியதில்லை என அவரே தலைமைக் குருவின்முன் மொழிகின்றார்.

இவ்வரிசையைக் கண்டவுடன், ஒரு சமயநூல் தன்னைத் தானே வெட்டிக்கொண்டது என்று கைகொட்டுதல் எளிது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிற் சென்னையில் இத்தகைய துண்டுப் பிரசுரங்கள் பல வெளிவந்தன. 1887-இல் அங்கே தோன்றிய இந்து துண்டுப் பிரசுர சங்கத்தார் பாதிரிமாரின் தாக்குதலுக்கு எதிர்த்தாக்குதலாக அவற்றைப் பரப்பினர். பாதிரிமார் சிலர் சைவத்தைக் கொடுஞ்சொல்லால் இகழ்ந்த காலம் அஃது. எனவே அவ்வெதிர்ப்பிற் சினம் இருந்தது வியப்பன்று. ஆயின், அவர்கள் கையாண்ட கருவி எங்கிருந்து வந்தது என்பதை நோக்குதல் வேண்டும். விவிலியத்தின் முரண்களை எண்ணிக் காட்டும் வேலையை முன்னமே செய்து வைத்திருந்தவர்கள் பிரட்லா, இங்கர்சால் முதலிய மேனாட்டு நாத்திகர்கள். அவர்கள் ஒரு சமயத்தை வீழ்த்தி மற்றொன்றை நிறுத்த எழுதினாரல்லர். கடவுட்கொள்கை முழுவதனையும் வீழ்த்தவே எழுதினர். 1882 முதல் 1888 வரை சென்னையில் வெளிவந்த தத்துவவிவேசினி என்னும் இதழ் அக்கருவியைக் கிறித்துவத்தின்மேல் ஓச்சியதோடு அமையாது, புராணங்களின்மேலும் ஆகமங்களின்மேலும் ஓச்சிற்று. அயலான் வேலியை வெட்ட இரவல் வாங்கிய அரிவாள் தன் வேலியையும் வெட்டும் என்பதனை அவ்விதழே காட்டிற்று.

இந்நிலையில், ஆறுமுக நாவலர் கொண்ட நெறி உற்று நோக்கத்தக்கது. யாழ்ப்பாணத்தில் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரிடம் ஆங்கிலங் கற்று, அவர்க்கே தமிழாசிரியராகவும் இருந்து, விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்புக்குத் துணை நின்றவர் நாவலர். அம்மொழிபெயர்ப்பின் நடையை அறிஞர்முன் நிறுவும்பொருட்டு 1848-இல் பேர்சிவலோடு சென்னைக்கும் வந்தார். ஒரு நூலை வரிதோறும் சொல்தோறும் நிறுத்துத் தன்மொழியில் ஆக்கினவன் அந்நூலைக் கேட்டான் என்னும் சொற்கு முற்றும் உரியன். அவ்வாறு கேட்ட பின்னரே, 1854-இல் சைவதூஷண பரிகாரம் வெளிவந்தது. அந்நூலின் தலையாய வாதம் முரண்களை எண்ணுதல் அன்று. திருக்கோயில், அபிடேகம், தூபம், தீபம், நிவேதனம், ஆசாரம், தீட்டு எனச் சைவத்தில் எவை எவை இகழப்பட்டனவோ, அவற்றோடு ஒப்பன பழைய ஏற்பாட்டில் கடவுள் விதித்தனவாகவே உள்ளன என்று அதிகார வசன எண்களோடு எடுத்துக் காட்டுதலே அதன் நெறி. நும் நூல் பொய் என்பது அவ்வாதமன்று. நும் நூலை நீர் செவ்வனே கேட்டிலீர் என்பதே அது. எதிரியின் நூலை அழித்து வெல்லும் வாதத்தினும், எதிரியின் நூலைக்கொண்டே அவனைத் தெருட்டும் வாதம் வலிது.

அந்நெறிப்படி மேற்காட்டிய வசனங்களை ஒவ்வொன்றாக நோக்குவோர்க்கு முரண்களிற் பெரும்பாலன தாமே அவிழும்.

முதற்கண் நீதிமொழிகளின் இரண்டு வசனங்கள். அவை பல பக்கங்கட்கு அப்பால் ஒன்றையொன்று மறந்து நின்றனவல்ல. அடுத்தடுத்த வரிகளாக, வேண்டுமென்றே இணைத்து வைக்கப்பட்டவை. ஒவ்வொன்றும் தன் ஏதுவையும் உடன் கூறுகின்றது. விடை கூறுவோன் அம்மூடனை ஒத்துவிடாமைப்பொருட்டு முதல் வசனம் விலக்கிற்று. மூடன் தன்னை அறிவுடையனாக மதித்துக்கொள்ளாமைப்பொருட்டு இரண்டாம் வசனம் விதித்தது. முன்னது உரைப்போன் நலத்தை நோக்கியது. பின்னது கேட்போன் நலத்தை நோக்கியது. எவ்விடத்து எக்கேடு மிகும் என்று நிறுத்துணர்ந்து நடக்க என்பதே இரண்டன் கருத்து. சான்றோர் இருபால் நெறியையும் காட்டித் தேர்தலை மாணாக்கன்பால் வைக்கும் முறை தமிழ் நீதிநூல்களிலும் உண்டு. பேசாமையைப் புகழும் அதிகாரமும் சொல்வன்மையைப் புகழும் அதிகாரமும் திருவள்ளுவரால் ஒருங்கே செய்யப்பட்டமை கண்டு அவரை முரணினார் என்பார் உளரோ?

அடுத்து, புறச்சாதியார்பாற் செல்லற்க என்பதும் எல்லாச் சாதியாரிடத்தும் செல்க என்பதும். இவற்றின் இடையே காலம் உளது. முன்னது இயேசுநாதர் தம் மாணாக்கரை முதன்முறை விடுத்தபோது கூறியது. பின்னது அவர் உயிர்த்தெழுந்தபின் கூறியதாக அந்நூல் உரைப்பது. இலக்கணத்தில் எய்தியது விலக்கிப் பின்னர் எய்தாதது எய்துவித்தல் எவ்வாறு குற்றமன்றோ, அவ்வாறே ஒரு காலத்து விலக்கு மறுகாலத்து விதியால் நீங்குதலும் குற்றமன்று. மாற்கு 16-ஆம் அதிகாரத்தின் இறுதிப் பன்னிரண்டு வசனங்களும் மிகப் பழைய கிரேக்க ஏடுகள் இரண்டில் இல்லை என்பது கிறித்துவ அறிஞரே ஒப்பிய செய்தி. ஆயினும் மத்தேயுவின் இறுதிக் கட்டளை இருத்தலின், பாடவேறுபாட்டைக் காட்டி இவ்வினாவைத் தட்டிக் கழித்தல் இயலாது.

மறைவில் ஒன்றுங் கூறிற்றிலேன் என்னும் யோவான் வசனமும் இடம் நோக்கிப் பொருள் கொள்ளற்பாலது. அது குற்றஞ் சாட்டப்பட்டு நின்றவன் வழக்கு மன்றத்திற் கூறிய விடை. மக்கள்முன் ஒன்றும் மறைவில் அதற்கு மாறாகிய மற்றொன்றும் கூறினானல்லன் என்பதே அதன் கருத்து. ஆசிரியன் திரளின்முன் கூறிய அதனையே தன் மாணாக்கர்க்குத் தனித்து விரித்தல் இரட்டை நாவன்று. சூத்திரத்தை அவையிற் படித்துவிட்டு உரையைத் திண்ணையில் வைத்து விளக்கும் ஆசிரியர் செயலே அது.

எஞ்சியவை முத்தும் பன்றியும் ஒருபால். மேற்றளத்து முழக்கம் ஒருபால். இவ்விரண்டனையும் பொருத்தும் ஆணி மாற்கு 4-ஆம் அதிகாரம் 33-ஆம் வசனத்திலேயே உளது. கேட்போர் எவ்வளவு கேட்கவல்லரோ அவ்வளவுக்கு ஏற்ப இயேசுநாதர் உரைத்தார் என்பது அதன் பொருள். யோவான் 16-ஆம் அதிகாரம் 12-ஆம் வசனமும், சொல்லவேண்டுவன இன்னும் பல உள, அவற்றை நீவிர் இப்போது தாங்கமாட்டீர் என்னும் கருத்தினதே. பவுலும் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்து 3-ஆம் அதிகாரத்தில், குழவிகட்குப் பால் ஊட்டினமையன்றிக் கடிய உணவு ஊட்டாமையைக் கூறுகின்றார். இவற்றைச் சைவர் தம் வழக்கால் ஒரு சொல்லிற் கூறுவர்: பக்குவம்.

பக்குவம் நோக்கி உரைத்தல் சைவர்க்கும் தமிழர்க்கும் புதிய பொருளன்று. நன்னூற் பாயிரம், பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னமும், மேய்ந்ததனை அசைபோடும் பசுவும் தலைமாணாக்கர்க்கு உவமையாகக் கூறிற்று. நல்லது போக அல்லதனைப் பற்றும் நெய்யரியும், வார்த்ததெல்லாம் ஒழுகவிடும் ஓட்டைக் குடமும், குளத்தைக் கலக்கி உண்ணும் எருமையும் கடைமாணாக்கர்க்கு உவமையாயின. கற்பிக்கப்படாதார் இன்னார் என்றும் அப்பாயிரம் வரைந்தது. திருக்குறளின் அவையறிதல் அதிகாரத்தில், உணரவல்லார்முன் உரைத்தல் வளரும் பயிர்ப்பாத்தியில் நீர் சொரிந்தாற் போலும் என்றவரே, தம் இனத்தரல்லார் அவையில் உரைத்தலைத் தூயதல்லாத முற்றத்திற் சிந்திய அமிழ்தத்தோடு ஒப்பித்து அவ்வதிகாரத்தை முடித்தார். அமிழ்தும் முற்றமும் என்னும் இவ்வுவமைக்கும், முத்தும் பன்றியும் என்னும் அவ்வுவமைக்கும் இடையே கடல்கள் பல உள, கருத்து ஒன்றே.

இதனினும் அணுக்கமாவது திருமந்திரம். தாம் பெற்ற இன்பத்தினை இவ்வையகம் முழுதும் பெறுக என விழைந்தவர் திருமூலர். அவரே பாத்திரம், அபாத்திரம் எனவும், பக்குவன், அபக்குவன் எனவும் தலைப்பிட்டுக் கொடுக்கத்தகுவாரையும் தகாதாரையும் வேறுபிரித்து ஓதினார். உலகெலாம் பெறுக என்றவர் தகாதார்க்குக் கொடேல் என்றது முரணன்றோ என்று ஒரு பாதிரியார் வினவினால், சைவர் யாது விடை கூறுவர்? விழைவு எல்லார்மேலும் செல்வது, வழங்கல் தகுதியின்மேற் செல்வது, தகுதி வளர்ந்துழி வழங்கலும் வளரும் என்பர். அவ்விடையைத் திருமூலர்க்குக் கொடுத்து மத்தேயுவுக்கு மறுத்தல் நடுவுநிலைமை ஆகாது.

ஈண்டு ஓர் ஆசங்கை எழும். மத்தேயு 7-ஆம் அதிகாரம் பிறரைத் தீர்ப்பிடற்க என்னும் விலக்கோடு தொடங்குகின்றது. தீர்ப்பிடாதவன் இன்னான் பன்றி, இன்னான் நாய் என எங்ஙனம் அறிவான்? தகுதி நோக்குக என்பதே தீர்ப்பிடுக என்பதன்றோ எனின், இவ்வாசங்கை வலியுடையதே. இதற்கு அந்நூலே 15-ஆம் அதிகாரத்தில் ஒரு கதையால் விடை கூறுகின்றது. கானானியப் பெண் ஒருத்தி தன் மகளின் நோய் நீக்க வேண்டி நின்றாள். பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகட்கு இடுதல் நன்றன்று என இயேசுநாதர் மறுத்தார். நாய்க்குட்டிகளும் தலைவன் மேசையினின்று விழும் துணுக்குகளை உண்ணுமே என்று அவள் பணிந்து கூறினாள். அவ்விடை கேட்ட அளவில் அவள் நம்பிக்கை பெரிதெனப் புகழப்பட்டது. அவள் வேண்டியதும் கிடைத்தது. நாய் என்னும் பெயர் முதலில் அவட்கு இடப்பட்டது. ஆயின் அவள் உரை கேட்டபின் அப்பெயர் அவள்மேல் நின்றிலது. எனவே தகுதியென்பது குலத்தானும் நாட்டானும் முன்கூட்டித் துணியப்படுவதன்று. அணுகி வந்தானைக் கேட்டு அறியப்படுவது. உரைப்போனும் முதலிற் கேட்போனாதல் வேண்டும் என்பதே இக்கதை தரும் தெளிவு.

சைவர் இதனைக் காளத்தியிற் கண்டிருக்கின்றனர். ஊன் சுமந்து, வாயில் நீர் கொணர்ந்து, செருப்படியோடு வந்த திண்ணனாரைத் தகாதார் என்று துணிந்தவர் சிவகோசரியார். ஆகம விதியால் நோக்கின் அவர் துணிபு பிழையன்று. ஆயினும் இறைவன் அவர் கனவில் தோன்றி, மறைந்திருந்து காணுமாறு பணித்தான். மறைந்திருந்து கண்டவர் கண்ணிடந்து அப்பிய அன்பினைக் கண்டார். தகுதியை அளக்கும் கோல் குருவின் கையிலும் உண்டு. அக்கோலுக்கு எட்டாத தகுதியும் உண்டு. இவ்விரண்டையும் ஒருங்கே கூறும் பெரியபுராணம் முரணுடையதன்று. தீர்ப்பிடற்க என்பதனையும் தகுதி நோக்குக என்பதனையும் ஒருங்கே கூறும் அதிகாரமும் அத்தகையதே.

இனி, எளிதில் அவிழாத முடிச்சு ஒன்று உளது. அதனை மறைத்தல் ஆராய்ச்சிக்கு அழகன்று. மாற்கு 4-ஆம் அதிகாரம் 11, 12 வசனங்கள், புறத்தார்க்கு எல்லாம் உவமைகளாகவே உரைக்கப்படுவது, அவர்கள் கேட்டும் உணராதிருத்தற்பொருட்டும், உணர்ந்து திரும்பி மன்னிப்புப் பெறாமைப்பொருட்டும் என்கின்றன. ஏசாயா 6-ஆம் அதிகாரத்துத் தீர்க்கதரிசனத்தின் எதிரொலி அது. மத்தேயு 13-ஆம் அதிகாரம் 13-ஆம் வசனமோ, அவர்கள் கேட்டும் உணராதிருத்தலின் உவமைகளால் உரைக்கப்படுகின்றது என்கின்றது. கிரேக்க மூலத்தில் மாற்கு ஆளும் இடைச்சொல் பொருட்டு என்னும் பயன்குறிப்பினது. மத்தேயு ஆளும் இடைச்சொல் ஆதலின் என்னும் ஏதுக்குறிப்பினது. ஒன்றன்படி உணராமை உவமையின் நோக்கம். மற்றொன்றன்படி உணராமை உவமைக்குக் காரணம். ஓர் இடைச்சொல்லின் வேறுபாடு கடவுளின் கருத்தையே வேறுபடுத்துகின்றது. தகுதியில்லார்க்குக் கொடாமை வேறு. கேட்பவன் உய்யாதபடி மூடிக் கூறுதல் வேறு.

கிறித்துவ உரையாசிரியர் சிலர் அவ்விடைச்சொற்கு விளைவுப்பொருள் கொண்டு, உணராராயினர் என்னும் முடிவினை அது குறித்தது என்பர். அது வலிந்து கொள்ளும் பொருளாகத் தோன்றினும், அவ்வதிகாரத்திலேயே அதற்கு ஒரு பற்றுக்கோடு உண்டு. 21, 22 வசனங்கள், விளக்கு மரக்காலின்கீழ் வைத்தற்குக் கொணரப்படுவதில்லை என்றும், மறைக்கப்பட்டது எதுவும் வெளிப்படுதற்பொருட்டன்றி மறைக்கப்படுவதில்லை என்றும் கூறுகின்றன. ஆண்டும் அதே பொருட்டு என்னும் இடைச்சொல்லே வருகின்றது. எனவே மறைத்தலின் முடிவு வெளிப்படுத்தல் என்பது அந்நூலாசிரியர்க்கும் உடன்பாடாதல் பெறப்படும்.

இவ்விடத்திற் சித்தாந்தம் கற்றவர் செவி நிமிரும். ஐந்தொழிலுள் மறைத்தலும் ஒன்று. ஆணவ மலம் உயிரின் அறிவை மறைப்பது. திரோதான சத்தியோ அம்மலத்தின் வழிநின்று மறைத்து, உயிர் வினைப்போகங்களை நுகர்தற்கு ஏதுவாகி, அந்நுகர்ச்சியால் மலம் பரிபாகம் எய்தச் செய்வது. மலத்தோடு கூடிநிற்றலின் அதனை மலமென ஒருவகையால் உபசரித்து எண்ணினும், உண்மையில் அஃது அருளே. மலம் பரிபாகமுற்ற ஞான்று மறைத்த அதுவே அருட்சத்தியாய் விளங்கும். பச்சைப் புண்ணைக் காற்றுப் படாமல் துணியாற் கட்டும் மருத்துவன் புண்ணை ஒளிப்பவன் அல்லன்; ஆற்றுபவன். மாற்குவின் இரண்டு வசனங்களையும் ஒருங்கு வைத்து நோக்கின், அவை இவ்வுண்மையின் வாயில்வரை வந்து நிற்கின்றன எனலாம்.

வாயில்வரை என்றதற்குக் காரணம் உண்டு. மறைத்தல் அருளாதற்கு, மறைக்கப்பட்டவனுக்கு மற்றொரு காலம் வேண்டும். கட்டிய புண் ஆறுதற்கு நாட்கள் வேண்டுமன்றோ? சைவத்தில் அக்காலம் பிறவிகளாக விரிந்து கிடக்கின்றது. இப்பிறவியிற் கேட்டும் உணராதவன் இனிவரும் பிறவியிற் கேட்பான்; சத்திநிபாதம் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகையாக நிகழ்தற்கு ஏற்பச் சரியை முதலிய படிகளில் ஏறுவான்; எவ்வுயிரும் முடிவிற் கைவிடப்படுவதில்லை. ஆகலின் அபக்குவனுக்குக் கொடேல் என்னும் சைவ விதி, இன்று கொடேல் என்னும் அளவிற்றே. எபிரெயர்க்கு எழுதிய நிருபம் 9-ஆம் அதிகாரம் 27-ஆம் வசனமோ, மனிதர்க்கு இறப்பு ஒருமுறையே என்றும் அதன்பின் தீர்ப்பு என்றும் வரையறுக்கின்றது. பிறவி ஒன்றேயாயின், முத்து மறுக்கப்பட்டவனுக்கு அம்மறுப்பே முடிவாய்விடும். உவமையின் மூடியைத் திறக்குமுன் இறந்தவனுக்கு அம்மூடி என்றும் மூடியதே. ஈண்டுத்தான் உண்மையான வேற்றுமை உளது. அது வசனத்துக்கும் வசனத்துக்கும் இடைப்பட்ட முரணன்று; பக்குவம் நோக்கும் கொள்கைக்கும் ஒருபிறவிக் கொள்கைக்கும் இடைப்பட்ட பொருந்தாமை.

இதற்குக் கிறித்துவர் விடையற்றிருக்கின்றனர் என்று கொள்ளற்க. நியாயப்பிரமாணம் பெறாத புறச்சாதியாரின் உள்ளத்தில் அதன் செயல் எழுதப்பட்டுள்ளது எனும் உரோமர் 2-ஆம் அதிகாரத்தையும், காவலிலுள்ள ஆவிகட்கும் பிரசங்கிக்கப்பட்டது எனும் பேதுருவின் முதல் நிருபத்தையும் அவர் எடுத்துக் காட்டுவர். அவ்விடைகள் போதுமா என்பது தனியே ஆராயற்பாலது. ஆயினும் இவ்வாதம் நிகழ்தற்கு உரிய இடம் இதுவே. முத்தையும் மேற்றளத்தையும் எதிர்நிறுத்தி நகைப்பவர் இவ்விடத்தை அடைவதேயில்லை. வாயிலிற் கிடந்த கல்லில் இடறி அங்கேயே அமர்ந்துவிடுவர்.

பிறர் மதத்தைக் கண்டித்தற்குச் சைவர் தம் ஆசிரியரிடமே முறை கற்றல் வேண்டும். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரிற் பரபக்கத்தை முன்வைத்துச் சுபக்கத்தைப் பின்வைத்தார். உலகாயதன் முதலாயினார் ஒவ்வொருவர் கொள்கையையும் அவரவர் கூற்றாக முதலில் நிறுத்தி, அதன்பின்னரே மறுத்தார். கேட்டலின்றி மறுத்தல் அம்மரபில் இல்லை. அவரே முன்னர்ச் சகலாகம பண்டிதர் எனப் புகழ்பெற்றுப் பலர்க்கு உரைத்தவர். வெண்ணெய்நல்லூரில் இளையராகிய மெய்கண்டார்முன் ஆணவத்தின் இயல்பை வினவி நின்றபோது, அவ்வினாவுக்கு விடை தாமே என்பதனை உணர்ந்து கேட்போராயினார். உரைப்போன் கேட்போனாயதே சித்தியார் என்னும் நூற்குத் தோற்றுவாய். கேளாமுன் விடை கூறுதல் பேதைமை என்னும் நீதிமொழிகள் 18-ஆம் அதிகாரத்துக் கருத்தும், கேட்டலில் விரைவும் பேசுதலில் தாழ்ப்பும் வேண்டும் என்னும் யாக்கோபு நிருபத்துக் கருத்தும் இவ்வரலாற்றைக் கண்ட சைவர்க்கு அயலாகத் தோன்றா.

பாதிரிமாருள்ளும் கேட்டவர் உளர். அமெரிக்கப் பாதிரியாராகிய ஒய்சிங்டன் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854-இல் வெளியிட்டார்; நாவலரின் சைவதூஷண பரிகாரம் வெளிவந்த ஆண்டும் அதுவே. போப்பையர் 1900-இல் திருவாசக மொழிபெயர்ப்பை வெளியிட்டார். அவர்கள் பொருள்கோள் யாண்டும் செம்மையுடையது என்னலாகாது. ஆயினும் கேட்டபின் பேசினர். அவர்கட்குச் சைவர் விடையிறுத்ததும் அம்மதிப்போடேயாம். கேளாது தூற்றியவரோ இரு பாலும் இருந்தனர். அவர்கள் எழுதியவற்றுள் இன்று எடுத்துப் படிக்கத்தக்கவை மிகச் சில.

நாவலர் 1847-ஆம் ஆண்டு திசம்பர் 31-ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கத்தைத் தொடங்கினார். அங்கே வந்தார் யாவரும் கேட்டனர். பால பாடங்களும் சைவ வினாவிடையும் அச்சாகிச் சிறுவர் கையினும் சேர்ந்தன. அவரே தீக்கை, அநுட்டானம், அதிகாரம் என்பவற்றில் ஒரு நூலிழையும் நெகிழாதவர். மேற்றளத்தினின்று முழக்கலும் முத்தினைக் காத்தலும் ஒருவர் வாழ்க்கையில் ஒருங்கே நிகழ்ந்தன. அவரை முரணினார் என்று கூறிய சைவர் ஒருவருமிலர். பொதுவிற் கூறத்தக்கது சரியையும் ஒழுக்கமும்; குருமுகத்தாற் பெறத்தக்கது ஞானோபதேசம். இப்பகுப்பை அறிந்தவர்க்கு இரண்டும் ஒரே கருணையின் இருவகைச் செயல்களாம்.

எத்தெய்வத்தை எவர் வழிபடினும் ஆண்டு எழுந்தருளி அருள்செய்வோன் அம்மையப்பனே என்பது சித்தியாரின் துணிபு. அத்துணிபுடையார், அயலார் நூலைக் கேட்குங்கால் அஞ்சவேண்டுவதும் இல்லை, சினக்கவேண்டுவதும் இல்லை. அதன்கண் சைவத்தோடு ஒப்பது கண்டால் ஒப்புக்கொள்க. ஒவ்வாதது கண்டால் அஃது ஒவ்வாத இடத்தைச் சுட்டி அமைதியோடு உரைக்க. கல்லால நிழலில் நால்வர்க்கு அருளிய முதலாசிரியன் ஒரு சொல்லும் கூறிற்றிலன்; நால்வரும் தெளிந்தனர். தெளிந்தமைக்குக் காரணம் அவன் சின்முத்திரை மட்டுமன்று. அவர் கேட்கவந்த பக்குவமுமாம்.

திருச்சிற்றம்பலம்